சிறையிலிருந்து வரும் தம்பியை எங்கே தங்க வைப்பது?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
வலி மாத்திரையில் தொடங்கி பிரவுன் சுகர் எனும் மலிவான ஹெராயின் வரை போன என் தம்பி, 14 மாதச் சிறைவாசம் முடிந்து வெள்ளிக்கிழமை வெளியே வருகிறான். ஊர்வாய்க்குப் பயந்து, கோபாலபுரம் தாண்டி மாமாவின் தென்னந்தோப்பு மோட்டார் அறையில் சில மாதம் தனியே தங்க வைக்கலாம் என்கிறார் அப்பா. உள்ளே தொடவே இல்லை, ஆகவே விட்டுவிட்டான் என்பது அவர் நம்பிக்கை. அம்மா அவனுடைய பழைய சட்டைகளைத் துவைக்க எடுத்தபோது, ஒரு பையில் காலி மாத்திரை அட்டைத் துண்டு கிடைத்தது. அதை என்னிடம் நீட்டிய அவள் கை நடுங்கியது. எனக்குத் தோப்பு சரியாகப் படவில்லை.

செவிலியர், பாலக்காடு:
தயவுசெய்து தனியே விடாதீர்கள், சகோதரி. 14 மாதம் தொடாததுதான் இப்போதைய ஆபத்தே. பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை உடம்பு இழந்துவிட்டது. ஆசையோ அப்படியே இருக்கும், முன்பு எடுத்த அளவை ஒரே ஒரு முறை எடுத்தாலும் மூச்சு அடங்கிவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முதல் 2 வாரங்களில் போதைமருந்து மிகையால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டார்கள். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, குறட்டைபோல் மூச்சு இழுத்தால், தூங்குகிறான் என்று விடாமல் 108ஐ அழையுங்கள். அந்தப் போதைமருந்தின் விளைவை முறிக்கும் நலாக்சோன் ஊசி உயிரை மீட்கும். அதுவரை மூச்சு நிற்காமல் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனா, ஆசையை அடக்க நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபினா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். எங்கே போவது என்று கேட்க 14446 என்ற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது.

மீண்டு வந்தவன், சித்தூர்:
அக்கா, நானும் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். வெளியே வந்த நான்காம் நாள் குளியலறையில் விழுந்தேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு என்பதால்தான் என் மனைவியால் உள்ளே வர முடிந்தது. பிறகு புப்ரெனார்ஃபின் தொடங்கினேன். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று உறவினர் கேட்டதில் வெட்கப்பட்டு நிறுத்தினேன், மூன்று வாரத்தில் பழையபடி ஆனேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. தாழ்ப்பாளைக் கழற்றுங்கள், ஏன் கழற்றினீர்கள் என்பதை தம்பியிடம் நேராகவே சொல்லுங்கள். பர்ஸை ஒளித்து வைத்துவிட்டுச் சிரித்துப் பேசுவதைத்தான் எங்களால் தாங்க முடியாது.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
இரண்டையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, முன் அறையில் கட்டில் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை சிறை வாசலுக்கு நானும் போகிறேன். அங்கிருந்து நேராக மருத்துவமனை, ஓ.பி. சீட்டு எடுத்து டாக்டரைப் பார்த்த பிறகே வீடு.