மாமா, இந்த ஹரிவாக்கே எடுக்கட்டுமா?

தம்பி (நுவரெலியா): மாமா, இரண்டு ஹரிவாக்கே படம் போட்டிருக்கிறேன், வெள்ளியாய் மினுங்கும் உடலில் மஞ்சள் திட்டுப் போட்ட அந்தக் கோய் அழகு மீன்தான். முதலாவதின் முதுகில் மஞ்சள் எவ்வளவு அழகு! அதையே எடுக்கட்டுமா?

ஹட்டன் மாமா: பொறு. விளக்கு வெளிச்சத்தில் எந்த மீனும் மினுங்கும். நீல பேசினில் விட்டு, வெளியே நிழலில் வைத்து மேலே இருந்து படம் எடு.

தம்பி: இதோ.

ஹட்டன் மாமா: பார்த்தாயா, முதலாவதின் மூக்குக்கு மேல் சாம்பல் படிந்த மாதிரி மங்கல். ஹரிவாக்கேயின் தலை திருநீறு போட்டுத் துலக்கிய வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருக்க வேண்டும். இரண்டாவதுக்கு மஞ்சள் மூன்று திட்டுத்தான், ஆனால் மினுக்கு தலையிலிருந்து வால் வரை அறுபடாமல் போகிறது. முன் துடுப்பும் பளபளக்கிறது, முதுகும் அகலம்.

சித்தி: கோலம் இல்லாமல் என்ன அழகு அண்ணா?

ஹட்டன் மாமா: கோலமும் வேண்டும்தான் தங்கச்சி. ஒரே நிறத்தில் மினுங்கினால் அது ஓகோன் வகை, கோலமும் சேர்ந்தால்தான் ஹரிவாக்கே சேரும் ஹிகாரி மோயோ வகை. ஆனால் போட்டியில் உடல்வாகையும் தோலையும் பார்த்துவிட்டுத்தான் கோலத்துக்கு வருவார்கள்.

பண்டாரவளை அக்கா: மாமா, என் குஜாகு கோயின் வெள்ளை மஞ்சளடிக்கிறதே?

ஹட்டன் மாமா: தினமும் நிறம் கூட்டும் ஸ்பைருலினா பாசித் தீனியா? குறைத்துவிடு.

தம்பி: அப்போ இரண்டாவதுதான். தொட்டிக்குப் பீலித் தண்ணீர், அதுதான் மலை ஊற்றிலிருந்து வருகிறதே, அது போதும்தானே?

ஹட்டன் மாமா: அங்கேதான் நான் அடிபட்டேன். பீலித் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வடிகட்டிப் பாக்டீரியா இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிட, ஒரு மழை வாரத்தில் பிஎச் சரிந்து தண்ணீர் அமிலமாகிவிட்டது. காலையில் போனால் நாலு மீனும் துடுப்பை மடித்துக்கொண்டு அடியில் கிடந்தன. இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. வடிகட்டியில் ஒரு வலைப்பை சிப்பி ஓடு போடு. அவசரத்துக்கு அப்பச்சோடா, அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. தேயிலை மலையில் மருந்தடித்த பிறகு வரும் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் வாய்க்காலைத் திருப்பிவிடு.

தம்பி: சரி மாமா. ஜனவரிப் பனிக்குத் தீனி?

ஹட்டன் மாமா: தண்ணீர் 15 பாகைக்குக் கீழே போனால் கோதுமை முளைத் தீனி, அதுவும் கொஞ்சம். 10க்குக் கீழே ஒன்றும் வேண்டாம். அப்புறம், புது மீனை மூன்று நாலு கிழமை தனித்தொட்டியில் வை. முதல் இரவு துள்ளும், மேலே வலை கட்டு.

தம்பி: பழைய கொழுந்துப் படங்கு இருக்கிறது, அதைக் கட்டட்டுமா?

ஹட்டன் மாமா: படங்கு வேண்டாம், காற்றுப் போகாது. வலையே கட்டு.




தம்பி: கட்டிவிட்டேன் மாமா. மீன் மூலையில் ஒதுங்கி நிற்கிறது, ஆனால் துடுப்பை விரித்துத்தான் வைத்திருக்கிறது.