டிக் விழுகிறது, ஆனால் ஃபோன் இல்லாமல் பாட்டு நிற்கிறது (வாட்ச் பீட்டா)

ஓட்டக்காரன்: ஒரு மியூசிக் ஆப்பின் பீட்டாவை (சோதனைப் பதிப்பை) ஸ்மார்ட்வாட்சில் போட்டிருக்கிறேன். ஆல்பம் முழுக்க இறங்கிவிட்டதாக டிக் காட்டுகிறது, ஆனால் ஃபோனை விட்டுவிட்டு ஓடப் போனால் சில பாட்டுகளோடு நின்றுவிடுகிறது. பெரிய ஆல்பம் என்றால் இறங்குவதே பாதியில் நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

நீலப்பல்: டிக்கை நம்பாதீர்கள். ஃபோன் பக்கத்தில் இருக்கும்வரை அதன் வழியாக ஸ்ட்ரீம் ஆகிக்கொண்டிருக்கலாம், நமக்குத் தெரியாது. ஃபோனை அணைத்துவிட்டு, வாட்சை ஏரோபிளேன் மோடில் போட்டு ஹெட்ஃபோனுக்காக ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்து, கடைசிப் பாட்டு வரை தள்ளித் தள்ளிப் பாருங்கள், எது உண்மையிலேயே உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அரைசார்ஜ்: பாதியில் நிற்பது பெரும்பாலும் பேட்டரி சமாச்சாரம். திரை அணைந்ததும் வாட்ச் வைஃபையை விட்டுவிட்டு ப்ளூடூத்துக்கு மாறிவிடலாம், அதில் வேகம் மிகக் குறைவு. சார்ஜரில் வைத்து இறக்குங்கள். அப்புறம் பாட்டின் தரத்தையும் (கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட்) பாருங்கள்: 4 நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ்ஸில் கிட்டத்தட்ட 9.6 எம்பி, 96-இல் 3 எம்பிகூட வராது. ஓடும்போது காற்றுச் சத்தத்தில் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது!

ஓட்டக்காரன்: ஏரோபிளேன் மோடில் பார்த்தேன், டிக் விழுந்ததில் பாதி பாட்டுகள் உள்ளேயே இல்லை. சார்ஜரில் வைத்ததும் மிச்சமும் இறங்கிவிட்டது.

நீலப்பல்: அப்படியென்றால் டிக் பொய் சொல்வது தனி பக் (மென்பொருள் பிழை). பில்ட் எண் (ஆப்பின் பதிப்பு எண்), வாட்ச் மாடல், ஓஎஸ் பதிப்பு, நேரம் எல்லாம் போட்டு லாக்கோடு (ஆப் தானே எழுதிவைக்கும் பதிவோடு) அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் டெவலப்பரால் ஒன்றும் செய்ய முடியாது.