துணியில் வார்க்கும் காங்கிரீட்: சில சொற்கள்

வணக்கம்.

பலகைக்குப் பதில் துணி கட்டிக் காங்கிரீட் ஊற்றும் முறைக்குக் கலைச்சொல் பட்டியலின் வரைவில் ‘துணி அச்சு’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். படிப்பவர் பிரிண்டிங் என்றே எடுத்துக்கொள்வார். முறைக்குத் துணிவார்ப்பு, பொருளுக்கு வார்ப்புத்துணி எனலாம். சைட்டில் எப்படியும் சென்ட்ரிங் என்பார்கள். அந்தச் சொல்லோடு சண்டை வேண்டாம்.

ஃபார்ம் ஃபைண்டிங்குக்கு வடிவங்காணல். வடிவமைப்பு என்றால் பொருள் புரண்டுவிடும்: இங்கே நாம் தருவது விளிம்பு, சுமை, இழுவிசை, வடிவம் கணக்கின் விடை. அந்தக் கணக்குக்கு 1974இல் ஷெக் வெளியிட்ட ஃபோர்ஸ் டென்சிட்டி முறைக்கு விசை அடர்த்தி என்ற சொல் போதுமா?

—

> விசை அடர்த்தி போதுமா?

போதாது ஐயா. அடர்த்தி என்றதும் மாணவர் கனஅளவால் வகுப்பார். இங்கே வகுப்பது நீளத்தால். கம்பியின் இழுவிசை 2 கிலோநியூட்டன், நீளம் 0.5 மீட்டர் என்றால் மதிப்பு மீட்டருக்கு 4 கிலோநியூட்டன். ஆகவே விசைநீள விகிதம். அதை முன்பே நிர்ணயித்துவிடுவதால்தான் சமன்பாடுகள் நேரியலாகின்றன. ஈரக் காங்கிரீட்டின் எடை பரப்பைப் பொறுத்து மாறுவதால் சில சுற்றுகள் திரும்பக் கணக்கிட வேண்டும்.

இன்னும் இரண்டு சொற்கள் தேவை. சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் உள்ள ஹைலோ என்ற கட்டடத்தின் வளைந்த காங்கிரீட் கூரைக்காக இடிஎச் சூரிச் பல்கலைக்கழகக் குழு 2017இல் முழு அளவு மாதிரி கட்டியது. கம்பிவலைமேல் துணி, அதன்மேல் காங்கிரீட். வேண்டிய வடிவம் எடையில் தொய்ந்தபிறகே வரும். ஆகவே தொய்வதற்கு முந்தைய நிலையைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். முந்தையதற்கு வெறுவடிவம், பிந்தையதற்குச் சுமைவடிவம் என்பது என் யோசனை.

துணியின் நீளவாட்டு நூலுக்குப் பாவு, குறுக்கு நூலுக்கு ஊடை: இரண்டும் நெசவாளர் சொற்களே. புதிதாக ஆக்க வேண்டாம். ஆனால் கணக்கு மாதிரியில் எந்த நூல் எந்தத் திசை என்று கட்டாயம் குறிக்க வேண்டும். 3 மீட்டர் உயரம், 30 செ.மீ. விட்டமுள்ள தூணை வேகமாக ஊற்றினால் அடியில் அழுத்தம் சுமார் 72 கிலோபாஸ்கல். சுற்றிழுவிசை, அதாவது தூணைச் சுற்றித் துணியில் வரும் இழுவிசை, மீட்டருக்கு 10.8 கிலோநியூட்டன். துணியைக் கிராஸாக, நூல்கள் சாய்வாக வரும்படி, வைத்தால் தூண் தொந்தி போடும். பாலிப்ரொப்பிலீன் துணி இழுத்துக் கட்டியபடி இருந்தாலே தளரும். ஊற்றுவதற்கு முன் மறுபடி இறுக்குவது நல்லது.

—

விசைநீள விகிதம், வெறுவடிவம், சுமைவடிவம் மூன்றும் சரி. ஒரு திசையில் இழுவிசை பூஜ்ஜியமானால் துணியில் விழுவதை வரைவில் ‘சுருக்கம்’ என்று எழுதியிருக்கிறது. காங்கிரீட் உலர்ந்து குறுகுவதற்கும் அதே சொல் ஏற்கெனவே உண்டு. துணிக்கு மடிப்பு என்று மாற்றிவிடுங்கள்.