லிபரே ஆபீஸில் பாமினி அடித்தால் ‘கடை’ ‘குடை’ ஆகிறது

கோபி டைப்பிங்:
வணக்கமுங்க. நாலு கம்ப்யூட்டர்லயும் லிபரே ஆபீஸ் போட்டாச்சு. பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாமே பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்லதான். அதுல டாகுமென்ட் அடிக்கிற ரைட்டரில் வரி ஆரம்பத்தில் ‘கடை’ன்னு அடிச்சா ‘குடை’ன்னு மாறிடுது. ஃபான்ட் கோளாறுங்களா? அப்புறம், பழைய ஃபைல்களை, தமிழெழுத்தாவே பதிவாகற யூனிகோடுக்கு மாத்த ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போதுமுங்களா?

ஈரோடு டிடிபி:
ஃபான்ட் மேல தப்பில்லைங்க. பாமினி ஃபைலுக்குள்ள இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதைத் தமிழாக் காட்டுது. சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. வாக்கியத்தின் முதல் எழுத்தை ரைட்டர் தானாப் பெரிசாக்குறதால வர்ற வினை இது.

டூல்ஸ் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் → ஆப்ஷன்ஸ் பக்கத்துல ‘கேப்பிடலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் எவ்ரி சென்டன்ஸ்’, ‘கரெக்ட் டூ இனிஷியல் கேப்பிடல்ஸ்’ ரெண்டுலயும் டிக்கை எடுங்க. எம், டி-ன்னு ரெண்டு கட்டம் இருக்கும், எதுலயும் டிக் இருக்கக் கூடாது. ரெண்டாவதை விட்டுட்டா ‘குடுவை’ ‘குடவை’ ஆயிரும். சிவப்புக் கோடு தொல்லை பண்ணினா டூல்ஸ் → லாங்குவேஜ் → ஃபார் ஆல் டெக்ஸ்ட் → நன்.

ஏற்கெனவே அடிச்ச பத்திரங்களை, ஒவ்வொரு பத்தியோட முதல் சொல்லையும் முற்றுப்புள்ளிக்கு அடுத்த சொல்லையும் பார்த்து, இன்னொரு தடவை படிச்சிருங்க. சொத்து விவரத்துல ஓரெழுத்து மாறினாலும் வில்லங்கம்தான்.

பல்லடம் கணினி:
ரீப்ளேஸ் ஆகாதுங்க. பாமினியில் ‘கொ’ அடிச்சா கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே பதிவாகும். யூனிகோடில் ‘க’ முதல்ல, உயிர்க்குறி பின்னால. எழுத்து எழுத்தா மாத்தினா கொம்பு முந்தின எழுத்துல போய் ஒட்டிக்கும். பாமினிக்குன்னே இருக்கற கன்வெர்ட்டர்ல போடுங்க. நடுவுல ஆங்கிலத்துல இருக்கற பேரு, பான் நம்பரை ஒதுக்கி வெச்சுட்டு மத்ததை மட்டும் போடணும், இல்லைன்னா அதுவும் தமிழெழுத்தாக் குழம்பிரும்.

மாத்தின பிறகு டூல்ஸ் → ஆப்ஷன்ஸ்ல மொழிப் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ (சிடிஎல்) டிக் பண்ணித் தமிழைத் தேர்ந்தெடுங்க. அதே ஆப்ஷன்ஸ்ல ரைட்டர் → பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்-ல நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் வைங்க. யூனிகோட் தமிழுக்கு ஃபான்ட், சைஸ் இங்கிருந்துதான் வரும். ஆங்கிலத்துக்கு வெச்சது தமிழுக்குப் பிடிக்காது.

கோபி டைப்பிங்:
டிக் எடுத்ததும் சரியாயிருச்சுங்க, ரொம்ப நன்றி. பார்ட்டிக்கு அனுப்பறப்ப அவங்ககிட்ட பாமினி இல்லைன்னா? இன்னொண்ணு, ஒரு மெஷின் விண்டோஸ் 7.

ஈரோடு டிடிபி:
படிக்க மட்டும்னா ஃபைல் → எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப். ஃபான்ட் உள்ளேயே போயிரும். அவங்களும் திருத்தணும்னா யூனிகோடா மாத்தி டாக்எக்ஸ்ல சேவ் பண்ணிக் குடுங்க. விண்டோஸ் 7-ல லிபரே ஆபீஸ் 25.8-ம் அதுக்கு மேலயும் ஓடாது, அந்த மெஷினுக்குப் பழைய 24.8 போடுங்க.