டிரம்மர் மாறினால் பேண்டே மாறிவிடுமா?

கேள்வி (செங்கோட்டை): எங்கள் ராக் பேண்டின் டிரம்மர் துபாய் போய்விட்டார், இப்போது புனலூரிலிருந்து ஒரு பையன் வருகிறான், சின்ன வயதிலிருந்தே செண்டை அடித்தவன். அதே பாட்டு, அதே வேகம், ஆனால் எல்லாமே கனமாகக் கேட்கிறது. ஏன் அண்ணே?

பதில் (தென்காசி): கை பழகிய விதம்தான் தம்பி. ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டின் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸைப் பார், ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) அடிக்கிற நொடியில் ஹை-ஹாட்டிலிருந்து (காலால் மூடித் திறக்கிற ஜோடித் தாளத் தட்டு) வலது கையைத் தூக்கிவிடுவார், அதனால் ஸ்னேர் தனியாகத் தெளிவாக விழும். பீட்டில்ஸின் ரிங்கோ இடக்கைக்காரர், ஆனால் வலக்கை செட்டில்தான் வாசித்தார், அவர் உருட்டல்கள் வேறு மாதிரி வருவது அதனால்தான்.

பதில் (பாலக்காடு): இடமும் முக்கியம். லெட் செப்பெலினின் ஜான் பான்ஹாமுக்கு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலே மைக்கைக் கட்டிப் பதிவு செய்தார்கள், அந்த முழக்கம் இன்றும் நெஞ்சில் இடிக்கிறது. 1980-ல் அவர் இறந்ததும் வேறு ஆளைப் போடாமல் பேண்டையே கலைத்துவிட்டார்கள்.

செங்கோட்டை: சரி, நேற்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பையன் ஸ்னேரை ஒரு மயிரிழை தாமதமாகத்தான் அடிக்கிறான், கனமாகக் கேட்பது அதனால்தான். அவனை மாற்றப்போவதில்லை, இனி பேஸ் கிட்டார் (அடித்தொனி கிட்டார்) வாசிப்பவர் அவன் அடிக்கு ஏற்ப வாசிக்கட்டும்.