முறிஞ்ச பிட்டில செதுக்குளி செய்யலாமா?

ஆரையம்பதிப் பொடியன்: எவர்சில்வர் தட்டில பேர் வெட்ட ஓடர் வருது. இரும்பு உளி ரெண்டு எழுத்துக்குள்ள மழுங்குது. காபைட் (டங்ஸ்டன் சேர்ந்த, இரும்பைவிடக் கடினமான பொருள்) உளி விலை கட்டாது. வழி சொல்லுங்கண்ணே.

கல்முனைப் பட்டறை: மனே, சேர்க்கிட் போர்டு துளைக்கிற பிட் முறிஞ்சா எறியாத. தண்டு 3.175 மி.மீ., அநேகமா முழுக் காபைட். பித்தளைக் குழாய்க்குள்ள எபொக்சிப் பசை வச்சு இறுக்கு, மறுகா மரப்பிடி. சாதாரண சாணைக்கல்லுக்கு அது மசியாது, வைரத்தட்டு வேணும். உளி முனையில முகம் 45 பாகை சரிவு, அடிப்பக்கம் 15 பாகை போதும். வெட்டேக்க பக்கவாட்டில நெம்பினா முனை தெறிச்சிரும்.

ஆரையம்பதிப் பொடியன்: தேய்க்கேக்க சூடேறினா தண்ணில முக்கவா?

கல்முனைப் பட்டறை: ஐயோ, வெடிப்பு விழும்!

அக்கரைப்பற்று: தொடக்கத்திலிருந்தே ஈரமாத் தேயுங்க. தூசில கோபால்ட் இருக்கு, நெஞ்சுக்கு ஆகாது. வெள்ளிக்கு மட்டும் நான் இன்னும் இரும்பு உளிதான்.