எத்தனை மாசத்துல பிறந்தது? – குறைமாதப் பிள்ளைகளின் மூச்சு, உங்கள் அனுபவம்

தக்கலை மைனி:

28 வாரத்தில் பிறப்பு, ஒரு கிலோவுக்கும் கீழே, நுரையீரலுக்கு சர்ஃபாக்டன்ட் மருந்து, வென்டிலேட்டர், அப்புறம் மூக்கு வழியே காற்றை அழுத்திக் கொடுக்கும் சி-பாப், ஆக்ஸிஜனோடு வீடு. இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நான் எழுத வந்தது இன்குபேட்டர் பெட்டியில் வைத்திருந்த காலத்துக் கதை இல்லை. போன மாதம் திருவனந்தபுரத்தில் ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். அது மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஊதுற டெஸ்ட். மூக்கில் கிளிப், வாயில் குழாய், எதிரே திரையில் வரிசையாக மெழுகுவத்தி. ஊதினால் ஒவ்வொன்றாக அணையும். "ஊது, ஊது, விடாத, விடாத" என்று டெக்னீசியன் கையைத் தட்டுகிறார். பிள்ளை கழுத்து நரம்பு புடைக்க ஊதுகிறாள். முன்னால் உள்ள இரண்டு அணைந்தன. பின்னால் உள்ளவை லேசாக ஆடிவிட்டு நிமிர்ந்து எரிந்தன. மறுபடியும், மறுபடியும் அப்படியே. "அம்மா, அது அணைய மாட்டேங்குது" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இன்ஹேலர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். சாதாரண ஆஸ்துமா என்றால் மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறுமாம். இவளுக்குக் கொஞ்சம்தான் ஏறியது. டாக்டரம்மா இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "எத்தனை வாரத்தில் பிறந்தாள்?"

ஊரில் எத்தனை பேரிடம் காட்டியிருப்போம்! ஜூன் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தால் இழுப்பு, கிறிஸ்மஸ் வெடிப் புகைக்கு இழுப்பு. ஒருவர் சளி என்றார், ஒருவர் அலர்ஜி என்றார், ஒருவர் பிரைமரி காம்ப்ளக்ஸ் (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) என்றார். டிஸ்சார்ஜ் கோப்பு ஒவ்வொரு தடவையும் என் மடியில்தான் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. உங்களிடம் யாராவது கேட்டார்களா?

கொளச்சல்காரன்:

மைனி, எனக்கு மறக்காதது ஒரு ஊசி. மனைவிக்கு 30 வாரத்தில் ராத்திரி வலி வந்துவிட்டது. முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் "இங்கே பார்க்க முடியாது, பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி, ஆம்புலன்ஸில் ஏற்றியும் ஆயிற்று. கதவைச் சாத்தப் போகும்போது ஒரு சிஸ்டர் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். கையில் சிரிஞ்ச். எங்கம்மா கத்துறாங்க, "பிள்ளை இப்ப வந்திரும், இனி என்னத்துக்கு ஊசி?" அவர் ஊசியைப் போட்டுக்கொண்டே, "இது உங்க மருமகளுக்கு இல்லம்மா, உள்ள இருக்க பிள்ளைக்க நெஞ்சுக்கு" என்றார்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி அது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர் ஆட்டை வைத்துப் பிரசவ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாராம். வயிற்றில் இருக்கும்போதே ஸ்டீராய்டு ஏற்றிய குறைமாதக் குட்டி ஒன்று பிழைக்கக் கூடாத நாளில் மூச்சுவிட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போய், ஹோவி என்பவரோடு சேர்ந்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1972இல் வெளியிட்டார்கள். என் மகனுக்கு சி-பாப்போடு போயிற்று, வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. பின்னால் என் மச்சினன் மனைவிக்கும் இதே நிலைமை, வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே ஊசி போடாமலே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, அந்தக் கதவைப் பிடித்த கைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

வில்லுக்குறி அப்பா:

எல்லாரும் இப்படிப் பயமுறுத்தினால் எப்படி? என் மகன் 32 வாரம். பெட்டியில் கொஞ்ச நாள் இருந்தான், வந்தான், இப்போது கபடி ஆடுகிறான், ஒன்றும் இல்லை. ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளைதான் தங்காது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மைனி மகளுக்கு ஆடாதோடை இலையும் தூதுவளையும் சேர்த்துக் கஷாயம் வைத்து, பனங்கருப்பட்டி போட்டுக் கொடுங்கள். கடைக் கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள், பார்த்து வாங்க வேண்டும். கற்பூரவல்லியை வாட்டிப் பிழிந்து காலையில் வெறும் வயிற்றில். நெஞ்சில் தேங்காய் எண்ணெயில் பூடு காய்ச்சித் தடவுங்கள். ஐஸ், வாழைப்பழம், தயிர் மூன்றும் வேண்டாம். இந்த இன்ஹேலர் பழகினால் விடாது, அதை மட்டும் தொடங்காதீர்கள்.

நைட் டூட்டி (நர்ஸ், மார்த்தாண்டம், இப்போது வெளிநாட்டில்):

அண்ணே, மன்னிச்சிடுங்க, இதை விட முடியாது. ஏழு-எட்டுக் கணக்கு தப்பு. வயிற்றில் கூட இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான். ஆனாலும் எட்டாம் மாசம் போதுமா என்றால் அதுவும் உறுதி இல்லை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் 34 வாரம் கடந்து, இரண்டு கிலோவுக்கு மேல் எடையோடு 1963 ஆகஸ்டில் பிறந்தான். 39 மணி நேரம்தான் இருந்தான். காரணம் அதற்கு நாலு வருசம் முன்பே, 1959இல், மேரி எலன் ஏவரி கண்டுபிடித்ததுதான்: நுரையீரலின் உட்புறம் ஒட்டாமல் வைக்கும் சர்ஃபாக்டன்ட் போதவில்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் நனைந்த பாலிதீன் பையைப் பிரிக்கிற பாடு. காரணம் தெரிந்தும் கையில் மருந்து இல்லை. ஜப்பானில் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டது 1980இல்.

என் அனுபவம் ஒரு சத்தம்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் "ங்ஹ்… ங்ஹ்" என்று முனகும். "பிள்ளை பாட்டுப் படிக்குது" என்று ஒரு அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காற்றுப்பை மூடிவிடாமல் இருக்கப் பிள்ளை தானே தம் கட்டுகிற சத்தம் அது.

மைனிக்குச் சில விஷயம். 28 வாரத்தில் முழுமையான காற்றுப்பைகளே உருவாகியிருக்காது. நாள் நிறைந்த பிள்ளைக்குக்கூடப் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் வளர்கிறது. அதனால் இன்னும் வளர இடம் இருக்கிறது, பயப்படாதீர்கள். ஆனால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று கோப்பை மூடிவைக்கவும் கூடாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995இல் 26 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்களை எபிக்யூர் என்ற ஆய்வு தொடர்ந்து பார்க்கிறது. 19 வயதிலும் வேகமாக மூச்சை வெளியே தள்ளும் திறன் மற்றவர்களைவிட அவர்களுக்குக் குறைவு. எல்லாருக்கும் நுரையீரல் இருபது சொச்சம் வயதில் உச்சத்துக்குப் போய்விட்டு, பிறகு மெல்ல இறங்கும். இந்தப் பிள்ளைகளின் உச்சமே கொஞ்சம் தாழ்வு என்பதுதான் ஆராய்ச்சிக்காரர்களின் கவலை.

இது ஆஸ்துமா மாதிரித் தெரிந்தாலும் பல பிள்ளைகளுக்கு அதே அலர்ஜி வீக்கம் இருப்பதில்லை. கார்டிஃபில் 7 முதல் 12 வயது வரை உள்ள குறைமாதப் பிள்ளைகளுக்கு 12 வாரம் இன்ஹேலர் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டோடு மூச்சுக்குழலை நெடுநேரம் விரிய வைக்கும் மருந்தும் சேர்ந்ததில் ஊதும் அளவு தெளிவாக ஏறியது. ஐம்பது சொச்சம் பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. அதைக் காட்டி நீங்களே மெடிக்கலில் வாங்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், கோப்பின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தனியே வையுங்கள். பிறந்த வாரம், எடை, வென்டிலேட்டர், கர்ப்பக் கணக்கில் 36 வாரம் எட்டும்போது ஆக்ஸிஜன் தேவைப்பட்டதா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் மேசையில் வையுங்கள். ஃப்ளூ ஊசி வருசத்துக்கு ஒன்று. கொசுவத்திச் சுருள், விறகடுப்பு, சிகரெட் மூன்றும் பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். இன்ஹேலர் பழகிவிடாது அண்ணே, கஷாயத்தை நம்பி அதை நிறுத்துவதுதான் ஆபத்து. வாழைப்பழம் கொடுக்கலாம்.

குலசேகரம் ரப்பர்:

எல்லாரும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். அந்தப் பிள்ளையே நான்தான், நாற்பது தாண்டியாயிற்று. ஏழாம் மாசம் வீட்டில் பிறந்தேன். பாட்டி பஞ்சில் பொதிந்து, பாலைத் துணித்திரியில் நனைத்து வாயில் வைத்தாளாம். வென்டிலேட்டர் எல்லாம் யார் கண்டார்கள்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேட்டில் ஏறினால் மூச்சு முட்டும். ரப்பர் ஷீட் போட்டு, அதைப் புகையில் உலர்த்தும் புகைப்புரைக்குள் போனால் அன்றைக்குத் தூக்கம் இல்லை. போய்க் காட்டினேன். ஊத வைத்துவிட்டு டாக்டர் கேட்டது, "ஒரு நாளைக்குப் பீடி எத்தனை கட்டு?" குடிக்கிறதில்லை என்றேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்லுவான்" என்று சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். என் மனைவி பக்கத்தில் நிற்கிறாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்கு வந்து சட்டைப் பையையெல்லாம் தடவிப் பார்த்திருக்கிறாள். வாழ்நாளில் ஒரு பீடி தொட்டதில்லை.

இன்றைக்கு இந்தத் திரியைப் படித்த பிறகுதான் அதையும் இதையும் சேர்த்து யோசிக்கிறேன். சிஸ்டர், என் வயசுக்காரனுக்கும் இது பொருந்துமா? கோப்பு ஒன்றும் கிடையாது, பாட்டியும் இல்லை.

நைட் டூட்டி:

பொருந்தலாம் அண்ணே. புகைப்புரைப் புகையும் சேர்ந்திருக்கும், எது எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்த பெரியவர்களில் சிலருக்குப் புகைபிடிக்காமலே பீடிக்காரர்களின் நெஞ்சு மாதிரியே ரிப்போர்ட் வரும். நுரையீரல் டாக்டரிடம் போய், அவர் கேட்கும் முன்னே "நான் ஏழாம் மாசத்துல பிறந்தவன், புகைப்புரையில வேலை" என்று இரண்டையும் சொல்லுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் காதிலும் விழட்டும்.

பி.டி. மாஸ்டர்:

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பள்ளி. ரவுண்டு ஓடச் சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடும் ஒரு பையன், "மடியன்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவன் அம்மா ஒரு நாள் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார், 27 வாரம் என்று. இப்போது நின்று நின்று ஓடுகிறான், ஆனால் முடிக்கிறான். வில்லுக்குறி அண்ணன் மகன் கபடி ஆடுவது சந்தோஷம். ஆடாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள்.

வில்லுக்குறி அப்பா:

நான் யாரையும் மடியன் என்று சொல்லவில்லை. கஷாயமும் விஷம் இல்லை.

தக்கலை மைனி:

சண்டை வேண்டாம். எங்களுக்கு அந்த இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலரே எழுதியிருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி ஊத வேண்டும். சிஸ்டர், ஒரு சந்தேகம். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாயைத் துணியால் துடைத்தால் மருந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

நைட் டூட்டி:

உண்மைதான். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் காய விடுங்கள். வெயிலில் வேண்டாம்.